தட்டி எழுப்பாத கடிகாரம்

கடிகாரம் நின்று போனால் உடனே தெரிந்துவிடும். முள் நகராது, ஆபீஸுக்கு நேரமாகிவிடும், வீட்டில் ஒரு ரகளை நடக்கும். ஆனால், மணியைச் சரியாகக் காட்டிக்கொண்டே, தன் கடமையில் பாதியை மட்டும் யாருக்கும் சொல்லாமல் நிறுத்திவிடுகிற கடிகாரம் ஒன்று உண்டு. இந்த வாரம் அதைப் பற்றித்தான் உங்களிடம் பேசப் போகிறேன்.

ஸ்மார்ட் வாட்ச் என்கிற கைக்கடிகாரத்தைத்தான் சொல்கிறேன். போன் சமையலறையில் கிடக்கும். நாம் மாடியில் துணி உலர்த்திக்கொண்டிருப்போம். யாராவது கூப்பிட்டால் மணிக்கட்டில் 'டிர்ர்' என்று ஒரு துடிப்பு. 'அம்மா, உன்னைத் தேடுகிறார்கள்' என்று குழந்தை முந்தானையைப் பிடித்து இழுக்கிற மாதிரி! பெங்களூரில் எச்.எம்.டி. நிறுவனம் 1961-ல் கைக்கடிகாரம் செய்யத் தொடங்கியது. பார்வையற்றவர்கள் மூடியைத் திறந்து, முள்ளைத் தடவி மணி பார்க்கும் பிரெய்ல் கடிகாரத்தையும் அது செய்தது. அன்று நாம் கடிகாரத்தைத் தொட்டோம்; இன்று கடிகாரம் நம்மைத் தொடுகிறது.

தொடாமல் போனால் என்ன ஆகும்? என் பெரியம்மாவைக் கேளுங்கள்.

பெரியம்மாவுக்குக் காது மந்தம். இரவில் காதுக் கருவியைக் கழற்றிவிட்டால், பக்கத்தில் இடி விழுந்தாலும் கேட்காது. பெரியப்பாவோ சில மாதங்களாகக் கூடத்தில் கட்டிலோடு கட்டிலாக இருக்கிறார். ஆகவே ஒரு ஏற்பாடு: இரவில் அவருக்கு ஏதாவது வேண்டுமென்றால் போனில் கூப்பிடுவார், பெரியம்மாவின் கடிகாரம் துடிக்கும், அவள் எழுந்து வருவாள். இது பழுதில்லாமல் நடந்து வந்தது.

ஒரு நாள் இரவு இரண்டு மணிக்கு அவருக்குத் தாகம். கூப்பிட்டார். பெரியம்மா வரவில்லை. "பாவம், அசந்து தூங்குகிறாள்" என்று மறுபடி கூப்பிடாமல், தானே எழுந்திருக்கப் பார்த்தார். கால் வழுக்கிக் கட்டிலோரமாகச் சரிந்துவிட்டார். ஐந்து மணிக்குப் பெரியம்மா எழுந்து வந்தபோது, மனிதர் தரையில் சுவரில் சாய்ந்தபடி உட்கார்ந்திருக்கிறார்! நல்லவேளை, எலும்புக்குச் சேதமில்லை. ஆனால் பெரியம்மாவின் மனசு முறிந்துவிட்டது.

நான் போனதும் என் கையைப் பிடித்துக்கொண்டு, "ஏண்டி, காதுதான் போச்சுன்னு இருந்தேன். இப்போ கையும் செவிடாயிடுத்தா?" என்று கேட்டாள். எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை.

கடையில் காட்டினார்கள். அங்கே கடிகாரம் ஜோராகத் துடித்தது. "பழுது ஒன்றுமில்லை" என்று திருப்பிக் கொடுத்துவிட்டார்கள். "வயசானால் உணர்ச்சி குறையத்தான் செய்யும்" என்றான் அண்ணா. ஆகக் குற்றவாளி யார் என்று தீர்ப்பாகிவிட்டது: பெரியம்மா!

அவள் மட்டும் ஒப்புக்கொள்ளவில்லை. "பகல்லே நன்னாத் தெரியறதே! ராத்திரிதான் தெரியலே" என்றாள். அந்த வார்த்தையில்தான் விடையே இருந்தது. பகலில் பேசி, இரவில் ஊமையாகிற கடிகாரத்துக்கு உடம்பு சரியில்லை என்று அர்த்தமில்லை; யாரோ அதற்கு வாய்ப்பூட்டு போட்டிருக்கிறார்கள் என்று அர்த்தம். பார்த்தால், இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை 'ஸ்லீப் மோட்' போட்டிருந்தது. போட்டது யார்? லீவுக்கு வந்த பேரப் பிள்ளை! கண்ட நேரத்தில் வருகிற வாட்ஸ்அப் வாழ்த்துகள் பாட்டியின் தூக்கத்தைக் கெடுக்கக் கூடாதே என்ற அக்கறைதான்!

உங்கள் வீட்டிலும் இப்படி நேரலாம். ஆகையால் எதை முதலில் பார்ப்பது, எதைப் பின்னால் பார்ப்பது என்று வரிசையாகச் சொல்கிறேன்.

முதலில், கடிகாரத்திலேயே ஒரு நிமிஷத்துக்கு டைமர் வையுங்கள். நேரம் முடிந்ததும் அது துடித்ததானால், உள்ளே இருக்கும் யந்திரம் நன்றாக இருக்கிறது, கோளாறு ஏற்பாட்டில்தான். ரிப்பேருக்கு ஓட வேண்டாம்.

ஏற்பாட்டில் முதல் சந்தேகம் 'டூ நாட் டிஸ்டர்ப்', 'ஸ்லீப் மோட்' இரண்டின் மேல்தான். கடிகார முகத்தில் பிறைச் சந்திரன் அல்லது கட்டில் படம் தெரிகிறதா என்று பாருங்கள். போனிலும் பாருங்கள், ஒன்றில் போட்டால் மற்றதிலும் சேர்ந்து விழும்படி பல கடிகாரங்களில் ஏற்பாடு உண்டு. இதை அடியோடு எடுத்துவிட வேண்டுமென்பதில்லை. முக்கியமான ஒருவர் இருவர் கூப்பிட்டால் மட்டும் விடும்படி விலக்கு வைக்கலாம். ஒருவரே சில நிமிஷத்துக்குள் இரண்டாம் முறை கூப்பிட்டால் விடும்படியும் வைக்கலாம். ஆகவே வீட்டிலுள்ளவர்களிடம், "அவசரமென்றால் உடனே மறுபடி கூப்பிடுங்கள், கூச்சப்படாதீர்கள்" என்று சொல்லி வையுங்கள்.

அடுத்தது, போன் உங்கள் கையில் திறந்திருக்கிறதா? ஆப்பிள் வாட்சில், ஐபோனைத் திறந்து பார்த்துக்கொண்டிருக்கும்போது செய்தி போனுக்கே வரும், கடிகாரத்தைத் தட்டாது. இது பழுதல்ல, சிக்கனம்! வேறு சில கடிகாரங்களிலும் இப்படி ஒரு ஏற்பாடு உண்டு.

மூன்றாவது, பட்டை தளர்ந்திருக்கிறதா? கடிகாரத்தின் அடியில் ஒளியால் தோலைப் பார்க்கும் கண் ஒன்று இருக்கிறது. பட்டை வளையல் மாதிரி ஆடினால், 'கழற்றி வைத்துவிட்டார்கள் போலிருக்கிறது' என்று அது நினைத்துச் சும்மா இருந்துவிடும். பச்சை குத்திய இடத்தின் மேல் கட்டினாலும் இந்தக் குழப்பம் வரலாம். இறுக்க வேண்டாம், ஒட்டி இருந்தால் போதும்.

நான்காவது, போனுக்கும் கடிகாரத்துக்கும் உறவு இருக்கிறதா? புளூடூத் சுமார் 10 மீட்டர் வரையில் எட்டும். நடுவில் கான்கிரீட் சுவர்கள் வந்தால் அதுவும் குறையும். ஆப்பிள் வாட்சில் உறவு அறுந்தால் கோடு போட்ட சிவப்பு போன் படம் தெரியும். ஆண்ட்ராய்டு போனில் இன்னொன்றும் கவனிக்க வேண்டும். பாட்டரியை மிச்சப்படுத்துகிறேன் என்று போன் சில ஆப்களைத் தூங்க வைத்துவிடும். கடிகாரத்துக்குச் செய்தி சொல்லும் ஆப்பே தூங்கிவிட்டால், கடிகாரத்துக்கு யார் சொல்வார்கள்? அந்த ஆப்பை பாட்டரிக் கட்டுப்பாட்டிலிருந்து விலக்கி, 'நோட்டிஃபிகேஷன்' பார்க்கும் அனுமதியும் இருக்கிறதா என்று பாருங்கள்.

சரி, டைமருக்கும் துடிக்கவில்லை என்றால்? அப்போது துடிப்பின் வேகத்தைப் பாருங்கள். ஆப்பிள் வாட்சில் 'செட்டிங்ஸ்', பிறகு 'சவுண்ட்ஸ் அண்ட் ஹாப்டிக்ஸ்'. அங்கே 'ஹாப்டிக் அலர்ட்ஸ்' திறந்திருக்க வேண்டும். 'ப்ராமினென்ட்' என்று வைத்தால் தட்டல் அழுத்தமாகத் தெரியும். வயதானவர்களுக்கு அதுதான் சௌகரியம். சாம்ஸங் கடிகாரத்தில் 'சவுண்ட்ஸ் அண்ட் வைப்ரேஷன்' என்ற இடத்தில் இதைப் பார்க்கலாம். பிறகு நன்றாகச் சார்ஜ் செய்து, ஒரு முறை அணைத்து மறுபடி போடுங்கள். ஆப்பிள் வாட்ச் அதற்கும் மசியாவிட்டால், பக்கத்துப் பொத்தானையும் திருகையும் சேர்த்துக் குறைந்தது 10 விநாடி, ஆப்பிள் சின்னம் வரும் வரையில் அழுத்துங்கள். அப்டேட் நடக்கும்போது மட்டும் இதைச் செய்யாதீர்கள்.

இத்தனைக்கும் பிறகும் அது அசையவில்லையென்றால், உள்ளேயிருக்கும் உறுப்பே பழுதாகியிருக்கலாம். அது என்ன உறுப்பு? வாஷிங் மெஷினில் துணி ஒரு பக்கமாகக் குவிந்துவிட்டால் மெஷினே குதிக்குமல்லவா? சில கடிகாரங்களில் அதே தந்திரந்தான்: குட்டி மோட்டாரின் முனையில் ஒரு பக்கம் கனத்த துண்டு ஒன்று சுற்றும். மற்றவற்றில் இருப்பது ஊஞ்சல் வித்தை: வில்லில் தொங்கும் சிறு எடையைக் காந்தமும் கம்பிச் சுருளுமாகத் தாளம் தப்பாமல் முன்னும் பின்னும் ஆட்டும். 2015-ல் வந்த முதல் ஆப்பிள் வாட்சிலிருந்தே இந்த ஊஞ்சல் ரகம் உண்டு. இதைத் திறப்பது நம் வேலையல்ல. கம்பெனியின் சேவை நிலையத்துக்கே கொண்டு போங்கள்.

'தண்ணீர் புகாது' என்று எழுதியிருப்பதும் ஆயுளுக்கும் செல்லாது. உள்ளே நீர் போகாமல் தடுக்கும் அடைப்பு நாளடைவில் தளரும். சோப்பு நீரும் ஆவியும் அதற்குப் பகை. பாத்திரம் தேய்க்கும்போதும், எண்ணெய் ஸ்நானத்தின்போதும் கழற்றி வையுங்கள். ஆனால் மறுபடி கட்டிக்கொள்ள மறக்காதீர்கள்!

பெரியம்மா வீட்டில் அன்றைக்கே பெரியப்பாவின் நம்பருக்கு மட்டும் விலக்கு வைத்தோம். வைத்ததோடு விடவில்லை, பகல் சோதனை இரவுக்கு உதவாது என்று பட்டுத் தெரிந்துகொண்டோமே! இரவு பத்தரைக்கு, பெரியம்மா காதுக் கருவியைக் கழற்றிவிட்டுப் படுத்த பிறகு, பெரியப்பா கூடத்திலிருந்து கூப்பிட்டார். அடுத்த கணம் உள்ளே விளக்கு எரிந்தது. பெரியம்மா கொண்டையை முடிந்துகொண்டு ஓடி வந்தாள்.

"என்ன வேணும்?"

பெரியப்பா கையை அசைத்தார்: ஒன்றுமில்லை, சோதனை!

இன்றுவரை இரவு பத்தரைக்கு அந்தச் சோதனை தவறாமல் நடக்கிறது. "எதுக்குத் தினம் தினம்? ஒரு நாள் பார்த்தாச்சே!" என்று பெரியம்மா முணுமுணுக்கிறாள். ஆனால் பத்தரைக்கு முன்னால் அவள் ஒரு நாளும் கண் மூடுவதில்லை.

உங்கள் வீட்டிலும் இந்தக் கடிகாரத்தை நம்பி ஒருவர் தூங்குகிறாரா? இன்றிரவே, அவர் படுத்த பிறகு, ஒரு முறை கூப்பிட்டுப் பாருங்கள். "எனக்குத் தெரியவில்லையே" என்று அவர் சொன்னால், வயசின் மேல் பழியைப் போடுமுன், கடிகாரத்தைக் கொஞ்சம் விசாரியுங்கள்.