களை எடுக்காத வயலில் யூரியா: சாப்பிடுவது நெல்லா, புல்லா?

45 கிலோ யூரியா பை ஒன்றின் விலை சுமார் 266 ரூபாய். சென்னையில ஒரு பிரியாணி காசுதான். அதே பணத்துக்கு ஒரு நாள் முழுக்கக் களையெடுக்க ஆள் கிடைப்பது இன்று பல ஊர்களில் கஷ்டம். காவிரி டெல்டா நெல் வயல்களில் உரம் வீணாவதற்கு இந்த விலை வித்தியாசமும் ஒரு காரணம்.

மேட்டூர் அணை குறுவைக்காக வழக்கமாகத் திறக்கப்படும் நாள் ஜூன் 12. தண்ணீர் தள்ளிப்போனாலோ நடவுக்கு ஆள் கிடைக்காவிட்டாலோ, விவசாயிகள் நாற்றங்காலைத் தவிர்த்துவிட்டு நேரடியாக விதைத்துவிடுகிறார்கள். செலவும் தண்ணீரும் மிச்சம். ஆனால், நடவு வயலில் நாற்று மூன்று நான்கு வாரம் மூத்தது. களை அப்போதுதான் முளைக்கும். தேங்கி நிற்கும் தண்ணீரும் பல களை விதைகளை அமுக்கிவிடும். நேரடி விதைப்பில், அதுவும் புழுதியில் விதைத்தால், இந்த இரண்டு பாதுகாப்பும் இல்லை. நெல்லும் களையும் ஒரே நாளில் ஓட்டத்தைத் தொடங்குகின்றன.

எதிரி சாதாரண ஆள் இல்லை. குதிரைவாலி இனத்துக் களைப்புல் சின்ன வயதில் அசல் நெல் மாதிரியே இருக்கும். இலை தண்டோடு சேரும் இடத்தைப் பிரித்துப் பார்த்தால் நெல்லில் சவ்வு போல ஒரு சிறு நாக்கு தெரியும். இந்தப் புல்லில் அது இருக்காது. பழகிய கண்ணுக்கே பிடிபட நேரமாகும். ஒளிச்சேர்க்கையில் இது ‘சி4’ வகை, நெல் ‘சி3’ வகை. அதாவது, வெயிலிலும் சூட்டிலும், உறிஞ்சும் ஒவ்வொரு கிராம் தழைச்சத்துக்கும் இந்தப் புல் நெல்லைவிட அதிகமாக வளர்ந்து காட்டும். இந்த வயலில் யூரியாவை வீசினால் முதல் பந்தியில் உட்காருவது யார்னு சொல்லவே வேண்டாம்.

இதற்கு அடுத்து நடப்பதுதான் பெரிய கோளாறு. களை தழைச்சத்தை இழுத்துக்கொள்ள, நெல் வெளிறிப்போகிறது. வரப்பில் நின்று பார்ப்பவருக்கு அது உரப் பற்றாக்குறையாகத் தெரிகிறது. இன்னொரு பை போகிறது. ஒரு வாரத்தில் வயல் பச்சையாகிவிடும். அந்தப் பச்சையில் களையின் பங்கு எவ்வளவு என்று யாரும் பிரித்துப் பார்ப்பதில்லை. களை மண்டிய வயலில் தழைச்சத்தைக் கூட்டக் கூட்ட மகசூல் ஏறாமல் நிற்பதும், சில நேரம் இறங்குவதும் ஆய்வு வயல்களில் பலமுறை பார்க்கப்பட்டதுதான். அளவு மீறிய தழைச்சத்து புகையானையும் குலைநோயையும் கூட்டிவருவது தனிக்கதை.

முதலில் களை, பிறகு உரம்

முளைத்த முதல் இரண்டு வாரம் நெல் நாற்றுக்குத் தேவைப்படும் தழைச்சத்து மிகக் குறைவு. எனவே, நேரடி விதைப்பில் யூரியாவை விதைக்கும்போதே அள்ளிப் போடுவதில் அர்த்தமில்லை. விதைத்த மூன்றாவது வாரத்துக்குள் முதல் களையை முடித்து, அதன் பிறகு மேலுரத்தைப் பிரித்துப் போடுவதுதான் சரியான வரிசை. எப்போது போடுவது என்பதைச் சொல்ல இலை வண்ண அட்டை இருக்கிறது. ஆனால் அட்டைக்கு நெல் இலையின் நிறம்தான் தெரியும். அது ஏன் வெளிறியது என்று தெரியாது. களையை எடுத்துவிட்டுத்தான் அட்டையை நீட்ட வேண்டும்.

களைக்கொல்லி அடிச்சா போதாதா? உதவும். விதைத்த சில நாட்களில் தெளிக்கும் மருந்து முதல் அலையைத் தடுக்கும். அதையே நம்பியிருந்தால் என்ன ஆகும் என்பதைப் பஞ்சாப், ஹரியானா கோதுமை வயல்கள் 1990-களிலேயே காட்டிவிட்டன. ஐசோபுரோட்டுரான் என்ற ஒரே மருந்தை வருடக்கணக்கில் அடித்ததில், அங்கே ‘குல்லி டண்டா’ எனப்படும் களைப்புல் அந்த மருந்துக்கே அசையாத அளவுக்கு மாறியது.

அரசின் கவனம் இதுவரை பையின் மேல்தான். 2015-ல் யூரியா முழுவதற்கும் வேப்பெண்ணெய்ப் பூச்சு கட்டாயமானது. 2018-ல் 50 கிலோ பை 45 கிலோவாகச் சுருங்கியது. இரண்டும் வேண்டியவைதான். ஆனால் வேப்பெண்ணெய், களையின் வேருக்கும் நெல்லின் வேருக்கும் வித்தியாசம் பார்க்காது. யூரியாவின் உண்மையான விலையில் பெரும்பகுதியை அரசு ஏற்கிறது. களையெடுப்பின் செலவு ஏறக்குறைய முழுவதும் விவசாயியின் தலையில். மானியம் பெற்ற உரம் களைக்குப் போகும்போது வீணாவது வரிப்பணமும்தான்.

கையால் வீசி விதைத்த வயலில் கோனோ வீடர் போன்ற களைக்கருவியை உருட்டவே இடம் இருக்காது. டிரம் சீடர் வைத்து வரிசையாக விதைத்தால் அந்த வழி திறக்கும். கருவி ஒன்றும் பெரிய விலை இல்லை. விதைப்புக்கு முந்தைய வாரத்தில் டிரம் சீடரும், மூன்றாவது வாரத்தில் களைக்கருவியும் ஊருக்குள் வாடகைக்குக் கிடைத்தாலே போதும், பாதிப் பேர் அந்த இன்னொரு பையை வாங்கப் போகமாட்டார்கள்.