டூ-எக்ஸ் வேகத்துல அருவி விழாது

ஃபைனல் இயர் வந்ததும் நம்ம எல்லாருக்கும் ஒரே கேள்விதான்: "எப்ப முடியும்?" ஃபர்ஸ்ட் இயர்ல எப்ப சீனியர் ஆவோம்னு இருந்தோம். அப்புறம் எப்ப இன்டர்னல் முடியும், எப்ப லீவு வரும். எட்டு செமஸ்டர்ல ஆறு இப்படியே ஓடிப்போச்சு, ஏழாவதும் ஓடிக்கிட்டு இருக்கு. என்பிடெல் லெக்சரை டூ-எக்ஸ்ல போட்டுப் பழகி, நாட்களையும் அதே வேகத்துல தள்ளப் பார்க்கிறோம். இதுக்கு மருந்து குற்றாலத்துல இருக்குன்னு நான் நினைக்கிறேன். (மூலிகைக் கடையைச் சொல்லல!)

காத்திருக்கிறதுல தென்காசிக்காரங்களுக்கு அனுபவம் ஜாஸ்தி. சீசன் ஜூன்ல இருந்து செப்டம்பர் வரைன்னு சொன்னாலும், அது காலண்டர் பார்த்து வர்றதில்ல. தென்மேற்குப் பருவக்காற்று கேரளாவைத் தாண்டி ஆரியங்காவு கணவாய் வழியா இந்தப் பக்கம் எட்டிப் பார்க்கணும். மலைக்கு மேல மழை பெய்யணும், சிற்றாத்துல தண்ணி வரணும். சில வருஷம் ஜூன்லயும் மெயின் அருவியில வெறும் பாறைதான் தெரியும். கடைக்காரர்கிட்ட "சீசன் எப்பண்ணே?"ன்னு கேட்டா, "காத்து அடிக்கில்லா, வரும் தம்பி"ம்பாரு. அவரோட பொழைப்பே அந்த மூணு நாலு மாசத்தை நம்பித்தான். ஆனாலும் காத்து எப்படி இருக்கு, மலையில மேகம் இறங்குதான்னு தினமும் நின்னு பார்ப்பாரு. காத்திருக்கிற நாளும் அவருக்கு ஒரு நாள்தான்.

தண்ணி வந்தாலும் நம்ம இஷ்டம் கிடையாது. வெள்ளம் கூடினா குளிக்கத் தடை. 2024 மே 17 அன்னைக்குப் பழைய குற்றாலத்துல திடீர்னு வந்த வெள்ளத்துல 17 வயசுப் பையன் ஒருத்தன் இறந்துபோனான். நம்மைவிடச் சின்னவன். அதனால போலீஸ் விசில் அடிச்சா "இன்னும் அஞ்சு நிமிஷம்"னு கெஞ்சுறதுல அர்த்தமே இல்ல, உடனே வெளிய வரணும். நிக்கிற வரைக்கும் முழுசா நிக்கணும். தலையில தண்ணி விழும்போது அரியர் ஞாபகம் வராது, பக்கத்துல இருக்கிறவன் கத்தினாலும் கேக்காது. முக்கியமா, போனை உள்ள கொண்டுபோக முடியாது.

குற்றாலத்துல வாழ்ந்த ரசிகமணி டி.கே.சி.யைப் பத்தி நம்ம பேட்ச்ல எத்தனை பேருக்குத் தெரியும்னு தெரியல. வக்கீலுக்குப் படிச்சவர், 1954ல மறைந்தார். திருநெல்வேலியில அவர் வீட்டு முற்றத்துல நண்பர்கள் கூடுவாங்க. அந்தக் கூட்டத்துக்கு வட்டத்தொட்டின்னு பேரு. கம்பன் பாட்டு ஒண்ணை எடுத்து, திரும்பத் திரும்பச் சொல்லி ரசிப்பாங்களாம். நாலே வரிக்கு அவ்வளவு நேரம்! நமக்கு ரீல்ஸே முப்பது செகண்டைத் தாண்டினா கை தானா நகருது. ராஜாஜி, கல்கி மாதிரி வேலை நெருக்கடி இருந்தவங்களும் அவரோட உக்காந்து பேச நேரம் ஒதுக்கியிருக்காங்க. "டைம் இல்ல"ன்னு நாம சொல்றதைக் கொஞ்சம் யோசிக்கணும்.

இதுக்கு ஒரு எதிர்வாதம் இருக்கு, அது நியாயமானதுதான். கடையநல்லூர் பக்கம் போனீங்கன்னா, வளைகுடா நாட்டுல வேலை பார்க்கிற அப்பாவோ அண்ணனோ இருக்கிற வீடுகள் நிறைய. லீவுக்கு இன்னும் எத்தனை மாசம்னு எண்ணித்தான் அங்க அவங்க நாளைத் தள்ளுறாங்க. அவங்ககிட்டப் போய் "இந்தக் கணத்தை ரசிங்க"ன்னு சொன்னா அது திமிர். கல்விக்கடன் தலைக்கு மேல நிக்கிற பையன் எப்ப வேலை கிடைக்கும்னு கேக்குறதும் அதே மாதிரிதான். கஷ்டத்துல நாள் எண்ணுறதை நான் குறை சொல்ல வரல. மெஸ்ல சூடா தோசை வந்து, சுத்தி நாலு பேரு சிரிச்சுப் பேசிட்டு இருக்கும்போதும் "எப்படா இந்த இடத்தை விட்டுப் போவோம்"ங்கிறோமே, அதைத்தான் சொல்றேன்.

வேடிக்கை என்னன்னா, ப்ளேஸ்மென்ட் சீசனும் குற்றாலம் சீசனும் ஒரே நேரத்துல வருது. கம்பெனி வரும், போகும், மறுபடி வேற கம்பெனி வரும். ஆனா அடுத்த ஜூன்ல சாரல் விழும்போது நம்ம பெஞ்சுல வேற பேட்ச் இருக்கும், நாம நாலு ஊர்ல இருப்போம். ஆப்டிட்யூட் டெஸ்ட் சனிக்கிழமை. ஞாயித்துக்கிழமை காலியாத்தான் இருக்கு, காலையில தென்காசி பஸ் இருக்கு. துண்டு மட்டும் எடுத்துட்டு வாங்க.