நல்லதண்ணிக்கு ஓர் 'அம்மாச்சி' வேண்டும்

டிசம்பர் பௌர்ணமி முதல் மே மாத வெசாக் பௌர்ணமி வரை, சிவனொளிபாத மலைக்குச் செல்லும் குடும்பங்கள் குழந்தைகளுடன் நல்லதண்ணியில் வந்திறங்குகின்றன. 2,243 மீற்றர் உயர மலையை இரவில் ஏறவேண்டிய பிள்ளைக்குத் தேவை, காரமில்லாத சூடான உணவும் அமர்ந்து உண்ண ஓரிடமும்.

பருவகாலக் கடைகள் போதாவா என்பார்கள். போதா. அவை பிள்ளையின் பசியை அல்ல, பிடிவாதத்தை நம்பி இனிப்பும் பொம்மையும் தொங்கவிடுகின்றன.

வடக்கில் மாகாண விவசாயத் திணைக்களத்தின் 'அம்மாச்சி' உணவகங்களில் பெண்களே தோசையும் இடியப்பமும் கண்முன் சமைத்து மலிவாக விற்கிறார்கள். கொழுந்துக் கூடையன்றி வேறு வருமானமறியாத நல்லதண்ணித் தோட்டப் பெண்களுக்கு அந்த வாய்ப்பு ஏன் எட்டக்கூடாது? மஸ்கெலியா பிரதேச சபை இடமும் தண்ணீர்க் குழாயும் தரட்டும். அடுப்பை அவர்கள் மூட்டுவார்கள்.