கோதுமையும் சர்க்கார் கடமையும்

மருந்தில்லாத நோய் என்றால் ஜனங்கள் அஞ்சுவார்கள். மருந்தே வேண்டாத நோய் என்றால் அலட்சியம் செய்வார்கள். சீலியாக் என்று வைத்தியர் அழைக்கும் நோய்க்கு இவ்விரண்டு வர்ணனைகளும் பொருந்தும். அதனைத் தீர்க்கும் மாத்திரை இன்றுவரை எந்த வைத்தியசாலையிலும் இல்லை. ஆயினும், கோதுமையையும் அதன் இனத்தையும் ஆயுள் முழுதும் அடியோடு விலக்கி நடப்பவர் பெரும்பாலும் பிறரைப் போலவே வாழ்கின்றனர். ஆகவே இது நோயாளியும் வைத்தியரும் தமக்குள் பார்த்துக்கொள்ள வேண்டிய விவகாரம் என்று பொது வாழ்வில் ஈடுபட்டோர் ஒதுக்கிவிடுகின்றனர். நாம் அவ்வாறு கருதவில்லை. உணவே மருந்தாகிவிட்ட இடத்தில், தானியத்தைக் கொள்முதல் செய்து, பங்கிட்டு, அதன் தரத்துக்குச் சட்டமும் செய்கிற சர்க்கார், வைத்தியனுடைய ஸ்தானத்தை அடைந்துவிடுகிறது. அந்த ஸ்தானத்துக்குரிய கடமையை நமது சர்க்கார் செய்கிறதா என்பதே இன்று நாம் கேட்கும் கேள்வி.

முதலில் நோயின் தன்மையைச் சொல்லிவிடுவோம். கோதுமை, பார்லி, ரை ஆகிய மூன்று தானியங்களிலும் குளூட்டன் என்னும் பசைப்புரதம் உண்டு. பிசைந்த மாவு இழுத்த இழுப்புக்கு நீள்வதும், பரோட்டாவுக்கு வீசும்போது கிழியாமல் விரிவதும் இப்புரதத்தின் குணத்தால்தான். குறிப்பிட்ட மரபுக்கூறு படைத்த சிலருடைய சிறுகுடலை இது அடைந்ததும், பகையை எதிர்க்க வேண்டிய உடலின் எதிர்ப்புச் சக்தி தன் குடலையே தாக்கத் தொடங்குகிறது. உணவின் சாரத்தை வாங்குவதற்காகக் குடலின் உட்சுவரில் விரல்கள் போல் நிற்கும் நுண்ணிய உறிஞ்சிகள் தேய்ந்து மட்டமாகிவிடுகின்றன. பின்னர் எவ்வளவு உண்டாலும் இரும்புச் சத்தும் சுண்ணாம்புச் சத்தும் உடம்பில் ஒட்டுவதில்லை. குழந்தைகளுக்கு ஓயாத பேதியும், உப்பிய வயிறும், வளராத தேகமும் காண்கின்றன. பெரியோருக்கு இரத்தசோகை, எலும்பு பலவீனம், தீராத அயர்ச்சி ஆகியவை உண்டாகின்றன. சில பெண்களுக்குக் கரு நிலைப்பதுமில்லை. பேதியே இல்லாமல் சோகை மட்டும் தோன்றுவோரும் பலர்.

இந்நோய் புதியதன்று. கப்படோசியாவைச் சேர்ந்த அரிடேயஸ் என்னும் பண்டைக்கால வைத்தியர் இதனை ஒத்த நோயை விவரித்துள்ளார். லண்டனில் சாமுவேல் கீ 1888-ல் இதன் லட்சணங்களை எழுதி, குணமாவதாயின் உணவினாலேயே குணமாக வேண்டும் என்று கண்டார். எந்த உணவு குற்றவாளி என்பதை அவர் கண்டாரில்லை. 1924-ல் அமெரிக்காவில் சிட்னி ஹாஸ் வாழைப்பழப் பத்தியம் கொடுத்துக் குழந்தைகள் பலரைத் தேற்றினார். பழத்தின் மகிமையால் தேறினர் என்று உலகம் எண்ணிற்று. உண்மையில் அப்பத்தியத்தில் ரொட்டி இல்லாததே காரணம். ஹாலந்து தேசத்துக் குழந்தை வைத்தியர் வில்லெம் டிக்கே 1930-களிலேயே கோதுமைமீது சந்தேகம் கொண்டிருந்தார். 1944-45 பனிக்காலத்தில் அந்நாட்டைப் பஞ்சம் வாட்டியபோது, ரொட்டியற்றுப் பிறர் வாட, இந்நோயுற்ற குழந்தைகள் தேறக்கண்டு அவரது கருத்து உறுதிப்பட்டது. 1950-ல் உட்ரெக்ட் சர்வகலாசாலைக்கு அவர் அளித்த ஆராய்ச்சி நூலோடு வழக்கு முடிவாயிற்று. குற்றவாளி கோதுமையே.

நிற்க. இது வெள்ளையர் நாட்டு நோய், நமக்கு ஏன் என்று கேட்போர் இன்னும் உளர். அவர்களுக்கு விடை நம் நாட்டு ஆராய்ச்சியாளரே அளித்துவிட்டனர். டெல்லியைச் சூழ்ந்த பிரதேசத்தில் நடத்தி 2011-ல் வெளியான ஆராய்ச்சியில் 96 பேருக்கு ஒருவர் வீதம் இந்நோய் கண்டனர். 2016-ல் வெளியான மற்றோர் ஆராய்ச்சியில் வடக்கு, வடகிழக்கு, தெற்கு ஆகிய மூன்று பகுதிகளிலும் 23,000-க்கு மேற்பட்ட பெரியோரின் இரத்தம் பரிசோதிக்கப்பட்டது. நோயின் அடையாளமான எதிர்ப்பொருள் வடக்கில் நூற்றுக்கு 1.23 பேருக்கும், வடகிழக்கில் 0.87 பேருக்கும், தெற்கில் 0.10 பேருக்கும் இருந்தது. வடக்கில் ஒருவர் நாளொன்றுக்கு உண்ட கோதுமை சராசரி 455 கிராம், வடகிழக்கில் 37, தெற்கில் 25.

தென்னாட்டார் இதைப் படித்து நிம்மதி கொள்வதற்கு முன் அதே ஆராய்ச்சியின் மற்றொரு கணக்கையும் பார்க்க வேண்டும். நோய்க்கு இடம்கொடுக்கும் மரபுக்கூறு வடக்கில் நூற்றுக்கு 38 பேரிடம் இருந்ததென்றால், தெற்கில் 36 பேரிடம் இருந்தது. ஆகவே நம்மைக் காப்பது நமது இரத்தம் என்று சொல்வதற்கில்லை. கோதுமையின் அளவு ஒன்றே காரணம் என்று தீர்ப்புக் கூறவும் இயலாது. வடகிழக்கு மாந்தர் நம்மைவிடச் சற்றே கூடுதலாகக் கோதுமை உண்டும், அவர்களிடையே நோயின் அடையாளம் நம்மினும் பன்மடங்கு காணப்படுகிறது. எனினும், இலையில் இதுவரை அரிசி இருந்தது நமக்கு ஓர் அரணாயிருந்திருக்கலாம் என்று ஐயுற நியாயம் உண்டு. அந்த இலை மாறி வருவதை யார் அறியார்? நீரிழிவுக்கு அஞ்சி இரவில் சோற்றை விட்டுச் சப்பாத்திக்கு மாறிய குடும்பங்கள் எத்தனை! மாணவர் விடுதியில் சப்பாத்தி, சாலையோரத்தில் பரோட்டா, குழந்தையின் கையில் பிஸ்கோத்து. வடக்கத்தியார் நோய் என்று நாம் ஒதுங்கி நிற்கும் காலம் இதுவன்று.

நோயைக் கண்டுபிடிப்பதிலேயே முதல் அநீதி நிகழ்கிறது. சோகை என்று வந்தவருக்கு இரும்பு மாத்திரை கொடுக்கப்படுகிறது. பேதி என்று வந்தவருக்குப் பேதிக்கு மருந்து. வளராத குழந்தைக்குச் சத்துமாவு. மாத்திரையை வாங்காத குடல் ஏன் வாங்கவில்லை என்று விசாரிப்பார் குறைவு. 2019-21-ல் நடந்த தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி 15 முதல் 49 வயது வரையுள்ள இந்தியப் பெண்களுள் நூற்றுக்கு 57 பேர் சோகையுற்றவர்கள். இவர்களுள் மிகப் பெரும்பாலோருக்குக் காரணம் வேறு என்பது உண்மை. ஆனால் மாதக்கணக்கில் மாத்திரை உண்டும் தேறாதவருக்கு ஓர் இரத்தப் பரிசோதனை செய்வதால் சர்க்கார் பொக்கிஷம் காலியாகிவிடாது. அதில் அடையாளம் தென்பட்டால், குழாய் செலுத்திச் சிறுகுடலிலிருந்து சிறு துணுக்கு எடுத்துப் பார்த்து நிச்சயிக்கலாம். நோயாளியின் பெற்றோர், உடன்பிறந்தார், மக்கள் ஆகியோரிடையே நூற்றுக்கு ஏழெட்டுப் பேருக்கு இந்நோய் இருப்பதால் அவர்களையும் பரிசோதிக்க வேண்டும். வாசகர்களுக்கு ஓர் எச்சரிக்கை: சந்தேகம் தோன்றியவுடன் தாமாகவே கோதுமையை விட்டுவிட்டுப் பிறகு பரிசோதனைக்குச் செல்லலாகாது. விட்டபின் அடையாளங்கள் மறைந்து, உள்ள நோய் இல்லையென்று முடிவாகிவிடும்.

நோய் நிச்சயமான பின் தொடங்கும் வாழ்வோ பெரும் பரீட்சை. சப்பாத்தி, ரவை, மைதா, சேமியா இவற்றை விடுவது எளிது. கண்ணுக்குத் தெரிந்த பகை அது. தெரியாத பகை பல. சாம்பாரிலும் ரசத்திலும் நாம் இடும் கூட்டுப் பெருங்காயத்தில் கோதுமை மாவு கலந்திருப்பது சாதாரணம். சோயா சாற்றிலும் பெரும்பாலும் கோதுமை உண்டு. கேழ்வரகும் கம்பும் குற்றமற்ற தானியங்கள். அவற்றையே கோதுமை அரைத்த மாவு மில்லில் அரைத்து வந்தால் குற்றமுள்ளவை ஆகிவிடுகின்றன. பரோட்டா போட்ட கல்லில் வார்த்த தோசையும் அவ்வாறே. ஒரு கிலோ உணவில் 20 மில்லிகிராமுக்கு மேற்படாத குளூட்டன் இருந்தால்தான் அதனைக் குளூட்டன் அற்றது எனலாம் என்பது சர்வதேச அளவு. கோதுமை மாவில் நூற்றுக்கு எட்டுப் பங்கு குளூட்டன் என்று வைத்துக் கணக்கிட்டால், ஒரு கிலோ கேழ்வரகு மாவில் கால் கிராம் கோதுமை மாவு கலந்தாலே அந்த எல்லை எட்டிவிடும். மில்லின் கல்லிடுக்கில் அதனினும் அதிகம் தங்கும்.

சட்டம் இல்லாமல் இல்லை. இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம் மேற்சொன்ன 20 மில்லிகிராம் அளவையே விதித்திருக்கிறது. குளூட்டன் உள்ள தானியம் சேர்ந்திருப்பின் பொட்டலத்தின்மேல் அதனை அறிவிக்க வேண்டும் என்று 2020-ம் ஆண்டு விதிகள் கூறுகின்றன. பத்தும் அதற்கு மேலும் கிளைகளுள்ள உணவுச்சாலைகளும் இத்தகைய தகவலைத் தர வேண்டும். ஆனால் நம் ஜனங்களில் பெரும்பாலோர் உண்பது பத்துக் கிளையுள்ள உணவுச்சாலையிலா? பொட்டலமின்றி நிறுத்து விற்கும் மாவுக்கும் பொடிக்கும் எந்தச் சீட்டு ஒட்டப்படுகிறது? சீட்டு ஒட்டிய இடத்திலும், பொடியெழுத்தில் ஆங்கிலத்தில் அச்சிட்டதைக் கிராமத்துத் தாய் எவ்வாறு படிப்பாள்? படிக்க முடியாத எச்சரிக்கை எச்சரிக்கையாகாது.

ரேஷன் விஷயம் இதனினும் கடுமையானது. 2013-ம் ஆண்டு தேசிய உணவுப் பாதுகாப்புச் சட்டம் அரிசி, கோதுமை, சிறுதானியம் ஆகிய மூன்றையும் ஏழைக் குடும்பங்களின் உரிமையாக்கியது. 2023 ஜனவரி முதல் அத்தானியம் இலவசமாகவே வழங்கப்படுகிறது. போற்றத்தக்க ஏற்பாடு. ஆனால் பஞ்சாபில் ரேஷனாகக் கொடுக்கப்படுவது கோதுமையே. அங்கு ஏழைக் கூலியாளின் குழந்தைக்கு இந்நோய் கண்டால், சர்க்கார் மூட்டையில் வரும் இலவச தானியம் அக்குழந்தைக்கு நஞ்சு. அமுதான அரிசியையோ சோளத்தையோ கடையில் விலை கொடுத்து வாங்க வேண்டும். சட்டம் மூன்று தானியங்களைச் சொல்லியிருக்க, டாக்டர் சான்றிதழ் காட்டுபவருக்குக் கோதுமைக்குப் பதில் அரிசியோ கம்போ அளிக்கத் தடை என்ன? புதுச் சட்டம் வேண்டியதில்லை. புதுச் செலவும் அதிகமில்லை. மனம் ஒன்றே வேண்டும்.

பெண்கள் நிலையையும் சொல்லாமல் விடுவதற்கில்லை. மூன்று வேளையும் ரொட்டி சுடுவதே மருமகளின் தொழில் என்றிருக்கும் வீட்டில், தான் சுட்டதைத் தான் உண்ணலாகாத பெண்ணுக்கு யார் தனிப் பாத்திரம் வைப்பார்? நோயை மறைத்து மணமுடித்து, மறைப்பதற்காகவே ரொட்டி உண்டு நலியும் நிலை ஒரு பெண்ணுக்கும் வரலாகாது. நோயைப் பற்றிய அறிவு ஊரில் பரவினால்தான் இந்தக் கொடுமை தீரும்.

நூற்றுக்கு ஒருவருக்காக இத்தனை ஏற்பாடா என்று சிக்கனம் பேசுவோர் கேட்கலாம். கோடி ஜனங்களுள் நூற்றுக்கு ஒருவர் என்றால் லட்சம் பேர் என்பதை அவர்கள் எண்ணட்டும். பணக்காரர் சிலர் நோயேதுமின்றியே நாகரிகத்துக்காகக் கோதுமையை விலக்குவதால், இந்நோயும் ஒரு நாகரிகமே என்று நகைப்போரும் உண்டு. பொழுதுபோக்காக நொண்டுபவன் இருப்பதால் முடவனுக்கு ஊன்றுகோல் வேண்டாம் என்பது என்ன நியாயம்? இத்தாலியைப் பாருங்கள். மாக்கரோனியும் ரொட்டியும் உயிராயுள்ள அத்தேசம், 2005-ல் தனிச் சட்டம் செய்து, நோயாளிகளுக்குக் குளூட்டனற்ற உணவு வாங்க மாதந்தோறும் உதவியளித்து, பள்ளி, ஆஸ்பத்திரி போஜனசாலைகளில் அவ்வுணவு கிடைக்கவும் வழி செய்தது. 2023-ல் சிறுவர் அனைவரையும் இந்நோய்க்காகப் பரிசோதிக்கவும் சட்டம் இயற்றியது.

அவ்வளவையும் நமது சர்க்கார் நாளையே செய்யட்டும் என்று நாம் கேட்கவில்லை. ஜில்லா ஆஸ்பத்திரிதோறும் இரத்தப் பரிசோதனை; நோயாளியின் ரேஷன் அட்டையில் கோதுமைக்கு மாற்று; பெருங்காயம் முதலாக எல்லாப் பொட்டலத்திலும் பிராந்திய பாஷையில் தெளிவான எச்சரிக்கை; மாணவர் விடுதியிலும் ஆஸ்பத்திரியிலும் ரயிலிலும் நம்பி உண்ணக்கூடிய ஒரு வேளைச் சோறு. இந்நான்கையே கேட்கிறோம். சட்டசபை அங்கத்தினரும், தொண்டர்களும், ஊர்தோறும் பொதுக்காரியம் பார்ப்போரும் இவற்றை எழுப்ப வேண்டும். கம்பும் கேழ்வரகும் சாமையும் தினையும் விளையும் நாட்டில், கோதுமை ஆகாத ஒரு குழந்தை பசியால் கோதுமையையே உண்டு மெலிவதை நாம் பொறுத்திருக்கலாகாது.