பன்னிரண்டாக எண்ணிய மக்கள்

"சந்தையில் விலைபோகாத மொழி எதற்கு?" என்று கேட்கும் மேதாவிகள் எந்நாட்டிலும் உண்டு. அவர்களை நைஜீரியாவின் ஜோஸ் பீடபூமிக்கு அழைக்கிறேன். அங்கு வாழும் பேரோம் மக்களின் மொழி, பல இலட்சம் பேரின் தாய்மொழி.

உலகில் பெரும்பாலோர் பத்துப் பத்தாக எண்ண, இம்மக்களின் முன்னோர் பன்னிரண்டு பன்னிரண்டாக எண்ணினர். பத்தைச் சரிபாதியாக்கலாம், ஐந்து பங்காக்கலாம். பன்னிரண்டையோ இரண்டு, மூன்று, நான்கு, ஆறு எனப் பங்கிடலாம். பள்ளி வாசலையே மிதியாத உழவர் கண்ட கணக்கு இது! இதையா காட்டுமிராண்டி மொழி என்பது? லூக் புக்கியோ என்ற மொழியியலாளர் 1970இல் இம்மொழியை விரிவாக ஆராய்ந்து பிரெஞ்சில் நூல் எழுதினார். அயலான் கண்ட பெருமை ஆள்வோர் கண்ணுக்குப் படவில்லை.

இன்று இளையோர் நாவில் பத்தின் கணக்கே வழங்குகிறது. பன்னிரண்டு தோற்றதா? தோற்கவில்லை, துரத்தப்பட்டது! இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வெள்ளையர் வெள்ளீயம் தேடி வந்தனர். விளைநிலம் சுரங்கமாயிற்று. பல திசையிலிருந்தும் கூலிகள் குவிந்தனர். சந்தையின் பொதுமொழியாக ஹௌசா பரவிற்று. அலுவலகத்தில் ஆங்கிலம் அமர்ந்தது. பேரோமுக்கு எஞ்சியது அடுப்பங்கரை.

ஹௌசா பேசும் ஏழை நமக்குப் பகைவனல்லன். அவனும் வயிற்றுக்காக வந்தவனே. மொழியின் பெயரால் அண்டை வீட்டானை வெறுப்பது பகுத்தறிவாகாது. குற்றவாளி, மொழிகளை ஏணிப்படிகளாக அடுக்கிய ஆட்சிமுறை. ஐந்நூறுக்கும் மேற்பட்ட மொழிகள் வழங்கும் நாட்டில், 1999ஆம் ஆண்டின் அரசியல் சட்டம் நாடாளுமன்றத்துக்கு ஆங்கிலத்தோடு ஹௌசா, இக்போ, யொரூபா என்ற மூன்றை மட்டுமே பெயர் சொல்லி அழைக்கிறது. மற்றவை பெயரற்றவை!

2022இல், தொடக்கப்பள்ளியின் ஆறாண்டும் தாய்மொழியில் கற்பிப்போம் என்று மைய அரசு அறிவித்தது. 2025இல் அக்கொள்கையையே கைவிட்டு, ஆங்கிலமே பயிற்றுமொழி என்றது. ஆசிரியரைப் பயிற்றுவித்தபின் அன்றோ, பாடநூலைக் குவித்தபின் அன்றோ, தோல்வி பற்றிப் பேச வேண்டும்? விதைக்குமுன்பே விளையவில்லை என்பது எந்த ஊர் நியாயம்?

நானும் ஓர் ஆசிரியன். புரியாத மொழியில் பாடம் கேட்கும் பிள்ளை கேள்வி கேட்பதில்லை, மனப்பாடம் செய்கிறது. கேள்வி கேளாத பிள்ளை நாளை யார் சொன்னாலும் தலையாட்டும். மொழி தெய்வமன்று, கற்பூரம் காட்ட வேண்டா. மொழி, சிந்திக்கும் கருவி. அதைப் பிடுங்குவோன் சிந்தனையையே பிடுங்குகிறான்.

விழா மேடையில் பேரோம் ஒலித்தால் போதாது, வகுப்பறையில் ஒலிக்கட்டும். கரும்பலகையில் பத்தும் இருக்கட்டும், பன்னிரண்டும் இருக்கட்டும். எது எளிதென்று பிள்ளைகளே எண்ணிப் பார்க்கட்டும்!