கொஞ்சம் தம்பட்டம் அடிச்சுக்கோங்க, தப்பில்லை

மறுவாழ்வு மருத்துவத்துல (அதாங்க, பக்கவாதம் வந்தவரோட கையைத் திரும்ப வேலை செய்ய வைக்கிறது, கால் போனவருக்குச் செயற்கைக்கால் பழக்குறது, இந்த மாதிரி விஷயங்கள்) ஆராய்ச்சி பண்ண புதுசா வர்றவங்களுக்கு ரெண்டு வகை அட்வைஸ் இலவசமா கிடைக்குது. சீனியர்கள் சொல்றது: "நிறைகுடம் தளும்பாது. நீ வேலையைப் பாரு, பேரு தானா வரும்." கோட்டு போட்ட ட்ரெய்னர்கள் சொல்றது: "நீதான் பிராண்ட். லிங்க்ட்இன்ல தினம் ஒரு போஸ்ட் போடு." முதல் அட்வைஸ் பச்சைப் பொய். ரெண்டாவது பாதிப் பொய்.

பி.காம் படிக்கிறவனுக்கு இதுல என்ன வேலைன்னு கேட்பீங்க. என்னைக் கேட்டா இது மருத்துவப் பிரச்சினையே இல்லைங்க, வியாபாரப் பிரச்சினை.

எப்படின்னு சொல்றேன். ஒரு கம்பெனி புது மாத்திரை கண்டுபிடிச்சா என்ன நடக்கும்? காப்புரிமை வாங்குவாங்க. கழுத்துல டை, கையில பையோட மெடிக்கல் ரெப் ஒருத்தர் டாக்டர் ரூம் வாசல்ல மணிக்கணக்கா நிப்பார். பேனா, காலண்டர், சாம்பிள் எல்லாம் உள்ளே போகும். கண்டுபிடிச்ச விஞ்ஞானி வாயே திறக்க வேண்டாம், அவருக்காகப் பேச ஒரு பட்டாளமே சம்பளத்துக்கு இருக்கு. ஒரு உடற்பயிற்சியைக் கண்டுபிடிச்சா? அதுக்கு ரெப் கிடையாது. காப்புரிமை எடுத்து டப்பாவுல அடைச்சு விக்கவும் முடியாது.

ஒரு உதாரணம். அமெரிக்காவுல 7 இடங்கள்ல, பக்கவாதம் வந்து 3 முதல் 9 மாசம் ஆன 222 பேரை வெச்சு ஒரு ஆய்வு நடந்தது. 2006ல 'ஜாமா' இதழ்ல வெளிவந்தது. வைத்தியம் ரொம்ப எளிமை. நல்லா இருக்கற கையில ஒரு கையுறையை மாட்டி அதை முடக்கிடணும், முழிச்சிருக்கற நேரத்துல 90 சதவீதம். ரெண்டு வாரம் பலவீனமான கைக்குத்தான் வேலை, கூடவே தீவிரப் பயிற்சி. ஒரு வருஷம் கழிச்சுப் பார்த்தா, வழக்கமான கவனிப்பு மட்டும் கிடைச்சவங்களை விட இவங்க கை நல்லா வேலை செஞ்சது. எல்லாருக்கும் பொருந்தாது, மணிக்கட்டுலயும் விரல்லயும் கொஞ்சமாவது அசைவு மிச்சம் இருக்கணும். சரி, உங்க தெருவுல பக்கவாதம் வந்தவங்க யாராவது இருந்தா கேட்டுப் பாருங்க, இந்தக் கையுறை விஷயத்தை யாராவது அவங்ககிட்ட சொன்னாங்களான்னு.

கையுறையை வித்து யாரும் கோடீஸ்வரன் ஆக முடியாது. அதனால அதுக்காகக் கத்தவும் ஆளில்லை. இந்தச் சந்தையில சரக்கைச் செஞ்சவனேதான் ரெப்பும். அவன் வெட்கப்பட்டுகிட்டு மூலையில உக்காந்தா சரக்கு குடோன்லயே கிடக்கும். மறுவாழ்வு சிகிச்சையால பலன் அடையக்கூடிய நிலையில உலகத்துல 240 கோடிப் பேர் இருக்காங்கன்னு 2019ஆம் வருஷக் கணக்கை வெச்சு 'லான்செட்'ல வந்தது. அவங்க வாசலுக்குப் போக வேண்டிய சரக்கு சாமி இது.

அடுத்தது 'பேரு தானா வரும்'. ஜெய்ப்பூர் கால் தெரியும்ல? ரப்பர் பாதம், வெறுங்காலோட நடக்கலாம், குந்தி உக்காரலாம், சம்மணம் போடலாம். 1960களின் கடைசியில உருவானது. ஜெய்ப்பூர் சவாய் மான்சிங் ஆஸ்பத்திரியில எலும்பு டாக்டர் பி.கே. சேத்தியும், ராம்சந்திர சர்மாங்கற கைவினைக் கலைஞரும் சேர்ந்து செஞ்சது. சேத்திக்கு 1981ல மகசேசே விருது, அதே வருஷம் பத்மஸ்ரீ. சர்மாவுக்கு? கையில ரப்பரை வெச்சு உருவம் கொடுத்த மனுஷனுக்கு அந்த மேடை எதுவும் கிடைக்கலை. சேத்தி சும்மா பேர் வாங்கினார்னு சொல்லலை, அவர் உழைப்பும் பெருசு. ஆனா கட்டுரை எழுதத் தெரிஞ்சவர், மாநாட்டுல இங்கிலீஷ்ல பேசத் தெரிஞ்சவர் ஒருத்தர்தான். பேரு தானா வரும்னா அது ரெண்டு பேர் வீட்டுக்கும் வந்திருக்கணுமே? அது இங்கிலீஷ் தெரிஞ்ச வீட்டு அட்ரஸைத்தான் தேடிப் போகும் போல.

அதனாலதான் ஏற்கெனவே பேர் வாங்கின பெரியவங்க சின்னவங்களுக்கு அடக்கத்தைப் போதிக்கும்போது எனக்குப் பத்திக்கிட்டு வருது. டேட்டா எடுக்க வீடு வீடா அலைஞ்சவன் பேரு நாலாவது, கையெழுத்து மட்டும் போட்ட துறைத்தலைவர் பேரு முதல்ல, இப்படி நடக்கற இடங்கள் இருக்கு. மருத்துவ இதழ் ஆசிரியர்களோட சர்வதேசக் குழு தெளிவாவே சொல்லியிருக்கு: நிதி வாங்கிக் கொடுத்தது மட்டும், பொதுவா மேற்பார்வை பார்த்தது மட்டும் ஒருத்தரை ஆசிரியர் ஆக்காது. அதைப் பிரிண்ட் எடுத்து டிபார்ட்மெண்ட் நோட்டீஸ் போர்டுல ஒட்டிட்டு அப்புறமா வந்து அடக்கத்தைப் பத்திப் பேசுங்க சார்.

இப்போ நம்ம கோட்டு ட்ரெய்னர்கள். பேசணும்கறது சரி. எதைப் பேசணும்கறதுலதான் கோட்டை விடறாங்க. "நான், என் பயணம், என் விருது"ன்னு ஆரம்பிச்சா அது சரக்கில்லாத பொட்டலம். எங்க கணக்குப் பாடத்துல குட்வில்னு ஒண்ணு வரும், கண்ணுக்குத் தெரியாத சொத்து. ஒரு கம்பெனி 'என் நற்பெயர் இத்தனை கோடி'ன்னு தானே மதிப்புப் போட்டுக் கணக்குல ஏத்திக்க முடியாது. அடுத்தவன் காசு கொடுத்து வாங்கும்போதுதான் அது ஏறும் :-)

இதுல எனக்குப் பிடிச்ச ஆள் ஆஸ்திரேலியாவுல இருக்கற ஜூலி பெர்ன்ஹார்ட். பிசியோதெரபிஸ்ட். பக்கவாதம் வந்த 24 மணி நேரத்துக்குள்ளயே நோயாளியை எழுப்பி அடிக்கடி நடமாட வெச்சா நல்லதுன்னு நம்பி, 5 நாடு, 56 ஆஸ்பத்திரி, 2104 பேர்னு பிரம்மாண்டமா ஒரு ஆய்வு நடத்தினாங்க. 2015ல ரிசல்ட் வந்தது. தலைகீழ். சீக்கிரமாவும் அதிகமாவும் எழுப்பப்பட்டவங்கள்ல நல்லா தேறினவங்க 46 சதவீதம், வழக்கமான கவனிப்புல 50 சதவீதம். பிராண்டை வளர்க்கறவங்களா இருந்தா இதைப் பாய்க்கு அடியில தள்ளியிருப்பாங்க. அவங்க 'லான்செட்'ல போட்டு ஊரறியச் சொன்னாங்க. இதுவும் தம்பட்டம்தான். ஆனா இந்தத் தம்பட்டத்தால அவசரப்பட்டு எழுப்பப்படாம தப்பிச்ச நோயாளிகள் இருப்பாங்க.

இன்னொரு வகைத் தம்பட்டமும் இருக்கு, காசு கொடுத்தா மூணு நாள்ல கட்டுரை போடற போலி இதழ்கள். 2018 மே மாசம் யு.ஜி.சி. தன்னோட பட்டியல்ல இருந்து ஒரே அடியா 4305 இதழ்களைத் தூக்கினது. அதுல கட்டுரை போட்டு ரெஸ்யூமே நிரப்பறதுக்கு, பேசாம ஃப்ளெக்ஸ் பேனர் வெச்சுக்கலாம். செலவாவது கம்மி.

பிசியோதெரபி, ஆக்குபேஷனல் தெரபி படிக்கிற நண்பர்களே, உங்க ஆய்வு முடிஞ்சதும் அதைத் தமிழ்ல ஒரே பக்கத்துக்கு எழுதுங்க. என்ன செஞ்சீங்க, யாருக்கு உதவும், யாருக்கு உதவாது, அவ்வளவு போதும். கீழே உங்க பேரைப் பெருசா போடுங்க, வெட்கப்படாதீங்க. டேட்டா எடுக்கறதுக்கு முன்னாடியே கட்டுரையில பேர் வரிசை என்னன்னு கைடுகிட்ட கேட்டு எழுத்துல வாங்கிடுங்க. கேட்டா கோபப்படுவாரேன்னு பயப்படறீங்களா? கோபப்பட்டா இன்னும் நல்லது, எந்த கைடுகிட்ட சேரக்கூடாதுன்னு உங்க ஜூனியருக்கு இப்பவே தெரிஞ்சிடும்.