இளையவனுக்கு ஓர் இடம்

எமது கல்லூரிக் கிரிக்கட் அணியைத் தெரிவுசெய்யும் குழுவில் நாமும் ஒருவராய் இருப்பதை இப்பகுதியைத் தொடர்ந்து வாசிப்போர் அறிவர். அதனால் விளையும் தொல்லைகளை முன்னரும் ஓரிரு முறை எழுதியிருக்கின்றோம். சென்ற வாரம் வந்த தொல்லை புதுவிதமானது. பத்தாம் வகுப்பு மாணவன் ஒருவன், மெலிந்த தேகமும் நீண்ட கைகளும் உடையவன், பயிற்சி முடிந்து வலையைச் சுருட்டி வைத்துவிட்டு எம்மருகே வந்து நின்றான்.

"சேர், பெரிய அண்ணாமார் இருக்குமட்டும் எனக்கு இடமில்லை எண்டு சொல்லுறியள். அவையள் போன பிறகு அனுபவம் காணாது எண்டு சொல்லுவியள். அப்ப நான் எப்ப விளையாடுறது?"

அக்கேள்வியிற் குறும்பு இல்லை, நியாயம் இருந்தது. நாம் மூக்குக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு, "நாளைக்கு நேரத்தோடு வா" என்று மட்டும் சொல்லி அவனை அனுப்பினோம். விடை தெரியாத ஆசிரியர் எல்லோரும் செய்வது இதுவே.

அன்றிரவு ரொறன்ரோவில் இருக்கும் எமது தமையனார் தொலைபேசியில் வந்தார். அவர் 1986ஆம் ஆண்டு அங்கே குடியேறியவர்; போன மறுவருடமே பேஸ்போல் பித்துப் பிடித்தவர். பையனின் கேள்வியை அவரிடம் சொன்னோம். "தம்பி, நீ அத்லாந்தாக்காரரின்ரை கதையைப் படி. பிறகு பொடியனுக்குப் பதில் சொல்லு" என்றார். படித்தோம். படித்ததையே இவ்வாரம் எழுதுகின்றோம்.

அவ்வாட்டத்தை அறியாதார்க்கு இரண்டொரு வார்த்தை. எல்லே ஆடுவார் அடித்துவிட்டு ஓடுவது போலவே இதிலும் ஓடுவர். ஆனால் ஆட்டத்தின் உயிர்நிலை பந்தை எறிபவனின் தோளில் உள்ளது. ஒரு பந்தயத்தில் ஒருவன் ஏறக்குறைய நூறு பந்துகள் எறிவான். பின்பு நான்கு நாளாவது அக்கை ஆறவேண்டும். ஒரு பருவத்திலோ 162 பந்தயங்கள். ஆதலின் ஒவ்வோர் அணியும் ஐந்து எறிவாளரை முறைவைத்து இறக்கும். இடையிற் கை தளர்ந்தால் மாற்றுவதற்கு வேறு சிலரை வைத்திருக்கும். பந்தயத்தின் வெற்றியோ தோல்வியோ ஓர் எறிவாளரின் பெயரிலேயே பதியப்படும். கிரிக்கட்டில் பதினொருவர் பங்கிட்டுக்கொள்ளும் அவமானத்தை இங்கே ஒருவன் தனியே சுமக்கவேண்டும்.

அணியின் ஆட்தொகைக்கும் வரம்பு உண்டு. முன்னர் 25 பேர். 2020 முதல் 26 பேர். ஓர் இளைஞன் உள்ளே வந்தால் ஒருவர் வெளியே போகத்தான் வேண்டும். கீழே சிற்றணிகள் பல உண்டு. அவற்றை அமெரிக்கர் 'பண்ணை' என்றே அழைக்கின்றனர். புகையிலை நாற்றுமேடையைக் கண்டு வளர்ந்த எமக்கு அச்சொல் மிகப் பிடித்துவிட்டது. இளைஞனைப் பண்ணைக்குத் திருப்பி அனுப்பலாம், மீண்டும் அழைக்கலாம். ஐந்து வருடம் மேலணியில் ஆடி முடித்தவரை அவர் சம்மதமின்றிக் கீழே அனுப்ப இயலாது. இதனால் அணி நடத்துவோர் பெரும்பாலும் இளைஞனையே காத்திருக்கச் செய்வர். எமது குழுவும் அதைத்தான் செய்கின்றது. எம்மிடம் அப்படியொரு விதிகூட இல்லை.

நிற்க. 1985ஆம் ஆண்டின் இறுதியில் பொபி கொக்ஸ் என்பவர் அத்லாந்தா பிரேவ்ஸ் அணியின் பொது முகாமையாளராக வந்தார். அணி அப்பொழுது நலிந்திருந்தது. அவர் பண்ணையில் இளம் எறிவாளரைச் சேர்க்கலானார். ரொம் கிளவின் என்னும் இடக்கைக்காரர் 1984இலேயே அணியால் தெரிவுசெய்யப்பட்டவர். பனித்தரை ஹொக்கி அணியொன்றும் அதே வருடம் அவரைக் கேட்டிருந்தது. அவர் பந்தையே விரும்பினார்.

1987 ஓகஸ்டில் ஒரு பண்டமாற்று நடந்தது. டெற்றோயிற் அணி அவ்வருட வெற்றிக்கு மிக அண்மையில் நின்றது. அனுபவம் வாய்ந்த எறிவாளர் ஒருவர் உடனே தேவைப்பட்டார். அத்லாந்தாவில் டொயில் அலெக்சாந்தர் இருந்தார், வயது 36. அவரைக் கொடுத்து, டெற்றோயிற்றின் பண்ணையில் கிடந்த 20 வயது ஜோன் ஸ்மோல்ற்ஸை அத்லாந்தா பெற்றுக்கொண்டது. ஸ்மோல்ற்ஸ் மிச்சிக்கன் மாநிலத்திலே டெற்றோயிற் அணியை நேசித்து வளர்ந்த பையன். தான் நேசித்த அணியே தன்னை விற்றுவிட்டதை அறிந்த இரவு அவனுக்கு எப்படி இருந்திருக்கும்!

அலெக்சாந்தர் போய்ச் சேர்ந்ததும் ஒன்பது வெற்றி பெற்றார். ஒரு தோல்வியும் இல்லை. டெற்றோயிற் தன் பிரிவிலே முதலிடம் பெற்றது. கடைசி வாரத்திலே அவ்வணி முந்திச் சென்றது எவரை என்றால், தமையனாரின் ரொறன்ரோவை! இரண்டே இரண்டு பந்தய வித்தியாசம். குளிரிலும் தனிமையிலும் இருந்த அவருக்கு அது பெருந்துக்கமாயிற்றாம். "அந்தக் கிழவன்தான் எங்களைக் கெடுத்தவன்" என்று இன்றும் சொல்கின்றார்.

டெற்றோயிற் ஏமாந்துவிட்டது என்று பலர் எழுதுகின்றனர். எமக்கு அது சரியாகத் தோன்றவில்லை. அவ்வருடம் எதை வேண்டினார்களோ அதைப் பெற்றார்கள். உலகத் தொடரை எட்டாமலே அப்பருவம் முடிந்தது என்பது வேறு விஷயம். கையிலுள்ள வருடம் ஒருவருக்குப் பெரிது, வரப்போகும் வருடங்கள் மற்றவருக்குப் பெரிது. இருவரும் தத்தம் நிலையறிந்தே பேரம் பேசினர்.

இனித்தான் கதையின் கடினமான பகுதி. விளையும் பயிர் முளையிலே தெரியும் என்பார்கள். எறிவாளர் விஷயத்தில் அப்பழமொழி பலிப்பதில்லை. 1988இல் கிளவின் 7 வெற்றி, 17 தோல்வி. அவரது பிரிவுக் கழகங்களிலே அவ்வளவு தோல்வி கண்டவர் வேறு எவருமில்லை. ஸ்மோல்ற்ஸ் அவ்வருடம் 2 வெற்றி, 7 தோல்வி. 1990இல் ஸ்ரீவ் ஏவரி என்னும் இருபது வயது இளைஞன் வந்தான். 3 வெற்றி, 11 தோல்வி. அணி 1988இல் 106 பந்தயங்களிலும், 1989இலும் 1990இலும் 97 பந்தயங்களிலும் தோற்றது. எமது பழைய மாணவர் சங்கத்தார் அங்கே இருந்திருப்பின், அம்மூவரையும் முதல் மாதத்திலேயே வீட்டுக்கு அனுப்பியிருப்பர். நாமும் கையொப்பம் இட்டிருப்போம்.

ஆனால் ஓர் உண்மையையும் சொல்லவேண்டும். தோற்கும் அணியிலே இளைஞனுக்கு இடங் கொடுப்பது அவ்வளவு பெரிய தியாகமன்று. இழப்பதற்கு அங்கே என்ன இருக்கின்றது? வெல்லத் தொடங்கிய பின்னரும் கொடுக்கின்றார்களா என்பதே சோதனை.

1990இன் நடுவில் கொக்ஸ் அலுவலக நாற்காலியை விட்டுக் களத்துக்கு இறங்கி அணியின் பயிற்றுநராயினார். லியோ மசோனி எறிவாளருக்குக் குருவாக அமர்ந்தார். பந்தயத்துக்கும் பந்தயத்துக்கும் இடையே பிறர் ஒரு தடவை எறிந்து பழகுவர். மசோனியின் சீடர் இரு தடவை எறிந்தனர், ஆனால் முழுப்பலத்தைச் செலுத்தாமல். அடிக்கடி, மெதுவாக என்பது அவர் முறை. சங்கீதம் பயில்வோர்க்கு இது புதினமாகாது.

அவ்வருட இறுதியில் ஜோன் ஷூர்ஹோல்ஸ் புதிய பொது முகாமையாளராக வந்தார். அவர் செய்த காரியத்தை எண்ணி நாம் வியந்தோம். எறிவாளர் நொந்து கிடந்த அணிக்கு, அவர் முதலில் எறிவாளரைத் தேடவில்லை. பந்து தடுப்பாரைத் தேடினார். பென்டில்ரன், பிறீம், பெலியார்ட் என்போர் வந்து உட்களத்தில் நின்றனர். நிலத்தோடு உருளும் பந்தைப் பின்னாலுள்ளவன் பிடிப்பான் என்ற நம்பிக்கை வந்ததும், இளைஞன் ஒவ்வொரு பந்திலும் அற்புதம் செய்ய முயல்வதை விட்டுவிடுகிறான். பையன் பந்து வீச, 'சிலிப்'பில் நின்றவர் மூன்று பிடிகளை நழுவவிட, "இவனுக்கு அனுபவம் காணாது" என்று குறிப்பெழுதிய ஒருவரை எமக்குத் தெரியும். அவர் கண்ணாடி அணிபவர்.

மூத்தோரும் முற்றாக ஒதுக்கப்படவில்லை. சார்ளி லீப்ரன்ற் முப்பது வயதைத் தாண்டியவர். 1991இல் முறை தவறாது எறிந்து 15 வெற்றி கொடுத்தார். மூன்று இளைஞருக்கு ஒரு முதியவர் என்ற அக்கலவையே அணியைத் தாங்கிற்று. அவ்வருடம் கிளவினுக்கு 20 வெற்றியும், சிறந்த எறிவாளருக்குரிய சை யங் விருதும். ஏவரிக்கு 18 வெற்றி. ஸ்மோல்ற்ஸ் மட்டும் பருவத்தின் முதற் பாதியில் 2 வெற்றி, 11 தோல்வி என்று கிடந்தார். அணி வெல்லத் தொடங்கிவிட்டது. இப்பொழுது அவரை இறக்கி இன்னொருவரை ஏற்றச் சொல்லி எத்தனை குரல் எழுந்திருக்கும்! கொக்ஸ் அவரை முறையிலிருந்து நீக்கவில்லை. உளவியலாளர் ஒருவரிடம் பேசிப் பார்க்க அனுப்பினார்கள். பிற்பாதியில் 12 வெற்றி, 2 தோல்வி. முந்திய வருடம் கடைசி இடத்திற் கிடந்த அணி 94 பந்தயங்களை வென்று உலகத் தொடருக்குப் போயிற்று. ஏழாவது பந்தயத்தில் எறிந்தவர் அதே ஸ்மோல்ற்ஸ். எதிரே நின்றவர், டெற்றோயிற்றில் அவர் சிறுவயதிற் போற்றிய ஜக் மொறிஸ். ஒன்பது சுற்றும் ஓட்டமின்றி முடிந்து, பத்தாவது சுற்றில் ஓர் ஓட்டத்தால் அத்லாந்தா தோற்றது. மறுவருடம் உலகத் தொடரில் அத்லாந்தாவை வென்றது ரொறன்ரோ. அன்றைய ஊர்வலத்தைத் தமையனார் வருணிக்கத் தொடங்கினால் தொலைபேசியைக் கீழே வைப்பது எளிதன்று.

1992 டிசம்பரில் கிறெக் மடக்ஸ் என்னும் புகழ்பெற்ற எறிவாளரை ஐந்து வருடத்துக்கு 28 மில்லியன் டொலர் கொடுத்து அழைத்தனர். அதே மாதம் லீப்ரன்ற் ரெக்சாஸுக்கு அனுப்பப்பட்டார். பணம் கொடுத்துப் பிறரை வாங்கினால் பண்ணைப் பிள்ளைகளின் இடம் பறிபோகும் என்பர். இங்கே முதியவரின் இடமே போயிற்று. மூன்று இளைஞரும் இருந்த இடத்தில் இருந்தனர். மடக்ஸ் 1995 வரை தொடர்ந்து சை யங் விருது பெற்றார்.

எல்லாம் நலமே நடந்தது என்று எழுத எமக்கும் ஆசைதான். ஏவரியை நினைக்கையில் அது முடியவில்லை. மூவரிலும் இயற்கை வரம் மிகுந்தவர் அவரே என்பார் உண்டு. 24 வயது நிறையுமுன்னரே மூன்று முழுப்பருவங்கள் எறிந்து தீர்த்தார். 1993 செப்டெம்பரில் தோளுக்குக் கீழே ஒரு தசை நொந்தது. அதன்பின் அந்த ஏவரி திரும்பவில்லை. 1996க்குப் பின் அணியை விட்டே போனார். அவ்விளமையில் அத்தனை பாரம் ஏற்றியதுதான் காரணமோ என்ற ஐயம் எமக்கு உண்டு. இடங் கொடாமை ஒரு பிழை. இடங் கொடுத்தபின் இரக்கமின்றிப் பயன்படுத்துவது இன்னொரு பிழை. எமது நெட்டைக்கை மாணவனுக்கு வயது பதினைந்துதான்.

வென்று பழகிய அத்லாந்தாவுக்கும் அவசரம் வந்தது. 1996இல் டெனி நீகிள் என்பவரைப் பெறுவதற்குத் தம் பண்ணையில் விளைந்த ஜேசன் ஷ்மிற்றைக் கொடுத்தனர். நீகிள் மறுவருடம் 20 வெற்றி பெற்றார்; ஷ்மிற் பின்னர் சான் பிரான்சிஸ்கோவிற் பெரும்புகழ் பெற்றார். 2003இல் துடுப்பாட்டக்காரர் ஒருவருக்காக அடம் வெயின்றைற் சென் லூயிஸுக்குப் போனார். அத்துடுப்பாட்டக்காரர் ஒரே வருடத்தில் விடைபெற்றார். வெயின்றைற்றோ 2023இல் தமது இருநூறாவது வெற்றியைப் பெற்று ஓய்ந்தார். ஒருகாலத்தில் டெற்றோயிற் நின்ற இடத்தில் இப்போது அத்லாந்தா நின்றது. எனினும் வாசல் அடைபடவில்லை. பண்ணையிலிருந்து வந்த கெவின் மில்வூட் 1998இல் 17 வெற்றி பெற்றார். அவ்வருடம் முறை எறிவாளர் ஐவரும் தலைக்குப் பதினாறுக்குக் குறையாமல் வென்றனர்.

1991 முதல் 2005 வரை, ஆட்டக்காரரின் வேலைநிறுத்தத்தால் இடைநின்ற 1994 நீங்கலாக, பதினான்கு பருவங்களிலும் அத்லாந்தா தன் பிரிவில் முதலிடம் பெற்றது. ஆனால் உலகப் பட்டம் ஒன்றே ஒன்றுதான். 1995 ஒக்ரோபர் 28ஆந் திகதி, ஆறாவது பந்தயம். 1988இல் பதினேழு முறை தோற்ற கிளவின் எட்டுச் சுற்று எறிந்து, எதிரிக்கு ஒரேயொரு நல்லடியை மட்டும் விட்டுக்கொடுத்தார். அத்லாந்தா 1, கிளீவ்லாந்து 0. "இவ்வளவு பாடுபட்டு ஒரு பட்டம்தானோ?" என்று தமையனாரைக் கேட்டோம். "உங்கடை கல்லூரி பெரிய பந்தயத்தை எத்தனை வருசத்துக்கு ஒருக்கா வெல்லுது?" என்று திருப்பிக் கேட்டார். இக்கேள்விக்கும் மூக்குக் கண்ணாடியைத் துடைக்க வேண்டியதாயிற்று.

வருகின்ற சனிக்கிழமை தெரிவுக் குழு கூடுகின்றது. பெயர்கள் எழுதிய தாள் எமது மேசைமேல் இருக்கின்றது. பத்துப் பெயர்களை மையால் எழுதியாயிற்று. பதினோராவது பெயரைப் பென்சிலால் எழுதியிருக்கின்றோம். இன்று காலையிலிருந்து இருமுறை அழித்து மீண்டும் எழுதியதில் அவ்விடத்தில் தாள் சற்று நைந்துவிட்டது. பையன் நேற்றும் எல்லோருக்கும் முன்னதாகவே வந்திருந்தான்.